சோப்பு டப்பாவில் ஓடிய டேப்லெட்

‘கேட்டு’ வென்றவை கொஞ்சமல்ல. மூன்று பள்ளிக்கூடங்கள் கைகழுவிய பிறகும் வெல்டிங் பட்டறையில் நம்பிப் பொறுப்பைக் கொடுக்கும் ஆளானான். கண்ணில் தீப்பொறி தெறித்தும் பார்வையை விட்டுக்கொடுக்கவில்லை. செடி விற்கும் நர்சரியில் வேலை பார்க்கும் கெட்டிக்காரி ஒருத்தியைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தான். செத்துப்போன டேப்லெட்டை எழுப்பி உட்கார வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ழ’வை மடக்கினான்.

‘கேட்டு’ என்பது, இரும்புக் கேட் செய்பவன் என்பதால் பட்டறையில் ஒட்டிக்கொண்ட பெயர். எதையும் படிக்காமல் காதால் கேட்டே கற்றவன் என்பதால் அக்காவுக்கும் அது பொருத்தமாகவே பட்டது. தாளில் இருக்கும் எழுத்து அவன் கண்ணுக்கு நிற்காது. மிதித்த எறும்புக் கூட்டம்போல் சிதறி ஓடும். அதனால் கல்யாண வயது வந்தும் கைநாட்டுதான்.

சம்பந்தம் பேசி முடித்த அன்று அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பதிவு ஆபீஸ்ல என் பேருக்குப் பக்கத்துல உங்க பேரை நீங்களே எழுதணும். பெருவிரல் ரேகைய பாத்து நான் என்னன்னு சந்தோஷப்படறது?”

“அவ்வளவுதானே!” என்று மார்தட்டிவிட்டு வந்தவன், வீட்டுக்குள் நுழைந்ததும் பேயறைந்தவன்போல் உட்கார்ந்தான்.

“என்னடா?”

“வாய் குடுத்துட்டேன்க்கா.”

அக்கா சலவைக் கடையில் துணிகளுக்கு அடையாளச் சீட்டு குத்துகிறவள். எட்டாவது வரை படித்திருந்தாள். ஒரு சட்டையும் இடம் மாறிப் போனதில்லை என்ற பெயர் அவளுக்கு உண்டு. மகள் ஒதுக்கிப்போட்ட டேப்லெட்டில் எழுத்துப் பழகும் ஆப் ஒன்று இருப்பதைத் தேடி எடுத்தாள். திரையில் எழுத்து ஒவ்வொன்றாகப் பெரிதாக ஒளிரும். அதன்மேல் விரலை இழுத்தால் மணி அடிக்கும். அங்கே மட்டும் எழுத்து ஓடாமல் நின்றது. அவன் பெயருக்கு ஐந்து எழுத்து. அதில் நான்காவதுக்கு முன்னால் கொம்பு.

“சத்தம் பின்னாடிதானே வருது? கொம்பு ஏன்க்கா முன்னாடி வந்து நிக்குது?”

“உன் கேட் வீட்டுக்கு முன்னாடிதானே நிக்குது? பேசாம எழுதுடா.”

ஒரு வாரம் போயிருக்கும். டேப்லெட்டின் முதுகு வீங்கியது, மூடி பிளந்தது, உயிர் போனது. செல்போன் ரிப்பேர்க்காரர் வீங்கிய பேட்டரியைப் பதமாகக் கழற்றி எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த மாடலுக்கு பேட்டரி வர்றதில்ல தம்பி. தூக்கிப் போட்டுருங்க.”

“வேற எந்த பேட்டரி சேரும்ணே?”

“பழைய பட்டன் போன் பேட்டரி அளவு கரண்ட்தான் இதுக்கும். ஆனா சின்னது. நிக்காது.”

“எனக்கு ரெண்டு மூணு எழுத்து நின்னா போதும்ணே.”

பட்டறையில் பாதிப்பேர் வீட்டு மேஜையில் பழைய பட்டன் போன் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டை வாங்கிவந்தான். பேட்டரியைச் சொருக ஒரு கூடு வேண்டும். தகரத்தில் செய்யப் போனவனை அக்கா தடுத்தாள்.

“இரும்பைத் தவிர உனக்கு வேற எதுவுமே தெரியாதா? பட்டா பொறி பறக்கும்.” குளியலறையிலிருந்து அவளுடைய பிளாஸ்டிக் சோப்பு டப்பாவே வந்தது.

டப்பாவை டேப்லெட்டின் முதுகில் ஒட்டினான். பழைய போனிலிருந்து எடுத்த தொடுகம்பிகளை ரிப்பேர்க்காரர் அதற்குள் பொருத்தினார். அப்படியும் டேப்லெட் கண் திறக்கவில்லை. வீங்கிய பேட்டரியோடு இருந்த சின்னத் தகட்டையும், சூட்டைக் கண்காணிக்கும் மூன்றாவது வயரையும் சேர்த்த பிறகே எழுந்தது.

ஒரு பேட்டரி டப்பாவில் ஓடும். இன்னொன்று பழைய போனில் சார்ஜ் ஏறும். தீர்ந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கூன் விழுந்த டேப்லெட் மேஜையில் ஆடியது. பார்க்க வந்த அக்கா மகள், “ஒட்டகத்துக்கு சோப்பு போட்டீங்களா மாமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கிழட்டு பேட்டரி, பொறுமையாக மூன்று எழுத்தை இழுப்பதற்குள் மூச்சு விட்டுவிடும். கவிழ்த்து, மாற்றி, மறுபடி எழுப்பினால் ஆப் நான்காவது எழுத்திலிருந்து தொடங்கும். இப்படியே பழகிப் பழகி ஐந்துக்கும் மணி அடித்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்று எழுத்து முத்து முத்தாய் விழுந்தது. பிறகு பேனாவை வைத்துவிட்டு, தாளைக் கவிழ்த்துப் பின்பக்கம் தடவினான்.

“என்னடா தேடற?”

“பேட்டரி மாத்தணும்க்கா.”

சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று அவளுக்குத் தெரியவில்லை. பதிவுக்கு நாள் நெருங்கியிருந்தது. அந்தக் கை மூன்றோடு நிற்கவே பழகிவிட்டது. அக்கா சோப்பு டப்பாவைப் பூட்டி வைத்தாள். முதல் மூன்றை அவளே எழுதி, நான்கையும் ஐந்தையும் மட்டும் அவனை எழுத வைத்தாள். பிறகு இரண்டிலிருந்து. பிறகு முதலிலிருந்து. சில நேரம் தாண்டினான்; சில நேரம் தாள் கவிழ்ந்தது.

பதிவு ஆபீஸ் குமாஸ்தா, அவன் கையிலிருந்த தீக்காயங்களைப் பார்த்ததுமே மைப்பெட்டியை நகர்த்தினார்.

“அது வேணாம் சார். பேனா குடுங்க.”

குனிந்தான். முதல் எழுத்து. இரண்டாவது, ‘ழ’, வால் கட்டத்தைத் தாண்டியது. மூன்றாவது. பேனா நின்றது. இடது கை மெல்ல நகர்ந்து பதிவேட்டின் ஓரத்தைப் பிடித்தது.

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

“என்ன, பக்கத்தைத் திருப்பறீங்க? அங்க ஏற்கெனவே வேற ஜோடி இருக்கு” என்றாள் மணப்பெண், காதோரமாக.

அவன் சிரித்துவிட்டான். சிரித்த வேகத்தில் கொம்பு விழுந்தது, அதன்பின் நான்காவது, ஐந்தாவது.

குமாஸ்தா மை ஒற்றும் தாளை எடுக்கப் போனார். “இருங்க சார், தானா காயட்டும்” என்று அக்கா பதிவேட்டின் பக்கத்திலேயே நின்றாள். கையெழுத்துக்குக் கீழே அவர் தேதி எழுதினார்: 17 பிப்ரவரி 2021.