பெரியப்பா சொல்லாத பொன்மொழி

பத்து வயதில் எனக்குக் குரல் மட்டும் நாற்பது வயதுக்காரனுடையதாக இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் நின்று நான் அம்மாவைக் கூப்பிட்டால் மூன்றாவது வீட்டு அம்மாவும் ‘என்னடா’ என்று எட்டிப்பார்ப்பார். இந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு நான் பெரிய பேச்சாளன் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னும் கொஞ்சம் பேசுவேன் என்று பயந்திருப்பார்கள்.

மனிதன் சந்திரனில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்ததற்கு அடுத்த கோடை அது. எங்கள் சபையில் மே மாதம் பிள்ளைகளுக்குப் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, வசனம் ஒப்பித்தல், பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் சர்பத். கடைசி நாள் சாயங்காலம் பெரியவர்கள் முன்னிலையில் பிள்ளைகளின் பட்டிமன்றம். அந்த வருஷத் தலைப்பு, ‘விஞ்ஞானம் மனித குலத்தை வாழவைக்குமா, வீழ்த்துமா?’ ஊரே அப்போது இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ரேஷன் கடை க்யூவில் ஒருவர், “இனிமே சோறே கிடையாது, மூணு வேளையும் மாத்திரைதான்” என்றாராம். பின்னால் நின்றவர், “அந்த மாத்திரையையும் இந்தக் க்யூவுலதான் நின்னு வாங்கணும்” என்றாராம். அப்பா வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நடுவர், வழக்கம்போல எங்கள் பெரியப்பா. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சபைச் செயலர். எந்த விவாதத்துக்கும் அவர்தான் நடுவர். அவர் முன்னால் உட்கார்ந்தபிறகு விவாதமே இருக்காது என்பதுதான் சங்கடம். விஞ்ஞானம் என்றாலே அவருக்கு ஆகாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டிரான்சிஸ்டரில் செய்தி முழுவதையும் கேட்டுவிட்டு, மின்சார ரயிலைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து, “இந்த விஞ்ஞானம் மனுஷனைக் கெடுத்துடுச்சு” என்பார். அப்பா தலையாட்டுவார். ரயில்வே ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிற அப்பா, அண்ணன் முன்னால் மட்டும் தலையாட்டுவதற்கென்றே பிறந்தவர்போல ஆகிவிடுவார்.

அந்த மாதம் வீட்டில் வேறொரு பிரச்சினையும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கல்லூரிக்குப் போய்ப் பி.யு.சி.யில் சயன்ஸ் குரூப் எடுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். எங்கள் குடும்பத்திலோ பெண்களுக்குப் படிப்பு என்றால் டீச்சர் டிரெய்னிங்தான். அம்மா, பெரியம்மா, இரண்டு அத்தைகள், எல்லோரும் அதே டிரெய்னிங் பள்ளியில் படித்து, அதே மாதிரி சாக்பீஸ் தூள் படிந்த கைப்பையோடு வெளியே வந்தவர்கள். பெரியப்பா அங்கே முன்கூட்டியே பேசிவைத்து, ஃபாரத்தையும் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார். “பொம்பளப் பிள்ளை ஆசிட் பாட்டிலோட விளையாடறதா? மூஞ்சியில தெறிச்சா யாரு கட்டிக்குவான்?” இதுதான் அவருடைய வாதம்.

கல்லூரி ஃபாரத்தை அக்கா தானே பூர்த்தி செய்து அப்பாவின் மேசையில் வைத்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. திங்கட்கிழமை கடைசி நாள். “அண்ணன் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்மா” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்கவும் மாட்டார், கையெழுத்தும் போட மாட்டார். பட்டிமன்றம் சனிக்கிழமை.

எனக்கு இந்த ஃபாரங்கள் பற்றி ஒரு கவலையும் கிடையாது. என் கவலை முழுக்க முதல் பரிசான எவர்சில்வர் டம்ளர். ‘வாழவைக்கும்’ என்ற அணியில் கடைசிப் பேச்சாளன் நான். பேச்சை எழுதிக் கொடுத்தது அக்கா. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெரியவர்கள் எழுதுவார்கள், பிள்ளைகள் நெட்டுருப் போட்டுக் கையை ஆட்டுவார்கள். எந்த வார்த்தைக்கு எந்தக் கை என்பதுவரை அக்கா சொல்லித் தந்தாள். வீட்டுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் ஒத்திகை. ரயில் வரும்போது மட்டும் நிறுத்துவோம்.

முதல் பாதி சாதாரணமானது. அம்மைத் தடுப்பூசி, தந்தி, நெல் அரைக்கிற மில். கடைசிப் பாராவை அக்கா வியாழக்கிழமைதான் சேர்த்தாள். அதில் பெரியப்பா வந்தார். ‘நம் நடுவர் ஐயா அவர்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி சொல்வதுபோல’ என்று தொடங்கியது.

“பெரியப்பா எப்பக்கா இப்படிச் சொன்னாரு?” என்று கேட்டேன்.

“நீ கோலி விளையாடப் போயிருந்தே.”

நான் நிறைய நேரம் கோலி விளையாடத்தான் போயிருந்தேன். நியாயமாகவே பட்டது. நான் அந்தப் பாராவை உரக்கச் சொன்னபோது, பின்கட்டில் அம்மா மாவாட்டும் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஆட்ட ஆரம்பித்தார். அதைப் பற்றி அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சபைக் கோயிலுக்குள் கைதட்டக் கூடாது என்பதால் பட்டிமன்றம் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் பாய் விரித்துப் பொடிசுகள். போதகரை எங்கள் சபையில் ஐயர் என்போம். ஐயர் ஜெபித்து ஆரம்பித்துவைத்தார். பெரியப்பா மேசைக்குப் பின்னால் மணி ஒன்றை வைத்துக்கொண்டு, தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டவர் மாதிரி அமர்ந்திருந்தார்.

எனக்கு முன்னால் பேசியது ‘வீழ்த்தும்’ அணிக்காரி. பல்லாவரத்திலிருந்து வந்தவள், என் வயதுதான். அவள் அப்பா தோல் பதனிடுகிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அணுகுண்டு என்று நன்றாகத்தான் தொடங்கினாள். இரண்டாவது வரியில் நெட்டுரு மறந்துபோயிற்று. கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. டம்ளர் நமக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு அவள் தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாள்.

“எங்க வூட்டாண்ட ஒரு கெணறு கீது. தோல் தொட்டித் தண்ணி பூமியில எறங்கி எறங்கி, அது இப்போ காப்பி கலர்ல வருது. எங்கம்மா அரை மைல் நடந்து போய்த் தண்ணி எடுத்துனு வராங்க. மிசின் வந்தப்பறம் எங்கப்பாவுக்குக் கூலி அதிகம்தான், நான் இல்லேங்கல. ஆனா கெணறு போச்சு. அவ்ளோதான்.”

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ தங்களுடைய கிணற்றை நினைத்துக்கொண்டதுபோல் இருந்தது. அந்தச் சின்ன விவாதத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியதெல்லாம், இவளுக்குக் கை அசைக்கவே யாரும் சொல்லித்தரவில்லையே பாவம், என்பதுதான்.

நான் எழுந்தேன். வலக்கை தடுப்பூசிக்கு, இடக்கை தந்திக்கு. மில்லுக்கு இரண்டு கையும். ஜன்னல் அதிரக் கத்தினேன். கடைசிப் பாரா வந்தது.

“நம் நடுவர் ஐயா அவர்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி சொல்வதுபோல, விஞ்ஞானம் என்ன செய்யும் என்று கேட்காதே, அது யார் கையில் இருக்கப்போகிறது என்று கேள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டால் மனித குலம் பிழைத்துக்கொள்ளும். சொன்னதோடு நிற்காமல், தம் சொந்தத் தம்பி மகளையே வருகிற திங்கட்கிழமை சயன்ஸ் குரூப்பில் சேர்க்க இருக்கும் நம் நடுவர் ஐயா அவர்களை வணங்கி விடைபெறுகிறேன்.”

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் கைதட்டல். பிறகு ஹால் முழுவதும். பின்வரிசையில் இரண்டு டீச்சர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஐயர் போய்ப் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “செயலர்னா இப்படி இருக்கணும்” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. இத்தனை கைதட்டலும் என் தொண்டைக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா மட்டும் தரையில் எதையோ தொலைத்தவர்போலக் குனிந்துகொண்டார்.

பெரியப்பா மணியை எடுத்தார். அடிக்காமல் திரும்ப வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அத்தனை பேருக்கும் மேலாக அக்கா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எழுந்து பேசும்போது பெரியப்பாவின் குரல் வழக்கமான கறார் இல்லாமல் இருந்தது. அந்தப் பல்லாவரத்துப் பிள்ளை சொன்ன கிணற்றைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் தண்ணீர் தெளியாது என்றார். அதை எப்படித் தெளியவைப்பது என்று யாராவது உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும், அது நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் தமக்குச் சந்தோஷம் என்றார். ஆகையால் விஞ்ஞானம் வாழவைக்கும் என்றே தீர்ப்பு.

எங்கள் அணி ஜெயித்தது. ஆனால் எவர்சில்வர் டம்ளரை அவர் பல்லாவரத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி. அந்த அநியாயத்தை என்னவென்று சொல்ல. அணி ஜெயிக்குமாம், ஜெயிக்கவைத்தவனுக்குச் சோப்புப் பெட்டியாம்.

அதே பொன்மொழியைப் பெரியப்பா பின்னாளில் இரண்டு கல்யாணங்களிலும் ஒரு கட்டடத் திறப்பு விழாவிலும் தாமே எடுத்துச் சொன்னார். ‘நான் எப்பவும் சொல்றதுதான்’ என்றுதான் ஆரம்பிப்பார். அக்கா சயன்ஸ் படித்து, மேலே படித்து, கடைசியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். ஆக அவளும் டீச்சராகத்தான் ஆனாள் என்று பெரியப்பா அதையும் தம் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தோம். அப்பாவும் அம்மாவும் முன்னால் போனார்கள். அம்மா என்னவோ சொல்ல, அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவும் அக்காவும் பின்னால் வந்தார்கள். நான் சோப்புப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் நடந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லோரும் நின்றோம். அப்போதுதான் பெரியப்பா அக்காவிடம் திரும்பாமலே சொன்னார்.

“அடுத்த தடவை நான் சொன்னதா எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இதைவிட நல்லாவே சொல்லியிருப்பேன்.”

அக்கா தாவணி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். பெரியப்பா அவள் தலையில் கை வைத்தார், கேட் திறக்கும்வரை எடுக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. டம்ளர் போனதற்கு என்னைவிட அதிகமாக அவள் வருத்தப்படுவாள் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து, “அழாதேக்கா, அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கிடலாம்” என்றேன்.