ஆஃப்ரீன் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு கையெழுத்து

1. பெட்டியோடு வந்தவர்கள்

விமான நிலையத்திலிருந்து நேராக என் கடைக்கு வந்தவர்கள் என்றால் அது நசீர் பாயும் அவருடைய அண்ணன் மகள் ஆஃப்ரீனும்தான். காலையில் நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து ஒரு பெரிய பெட்டி இறங்கியது. பின்னாலேயே புது கவுன் போட்ட ஒன்பது வயதுப் பெண் இறங்கினாள். அழுது ஓய்ந்த முகம். மார்போடு ஒரு தூக்குப் பாத்திரத்தை அணைத்துப் பிடித்திருந்தாள்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆன்லைன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐயம்பேட்டையிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருகிறேன். டைப்பிங் படித்து, ஜெராக்ஸ் கடையில் டிடிபி வேலை பார்த்து, பிறகு சொந்தக் கடை. எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் நிலத்தில் குனியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான். ஆதார் திருத்தம், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் செய்தாலும், ஊரில் என் பெயர் பரவியது பாஸ்போர்ட்டால்தான். ஸ்டெல்லாக்கா போட்ட ஃபைல் திரும்பாது என்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இந்த ஒரு ஃபைலைப் பற்றி எழுதுகிறேன்.

நசீர் பாய் பழைய பட்டுப்புடவை வாங்கி ஜரிகை பிரித்து விற்கிறவர். அவருடைய அண்ணன் அன்வர் குவைத்தில் வெல்டர். அன்வரும் அவர் மனைவி ஷாஹிதாவும் மகள் ஆஃப்ரீனோடு ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தார்கள். மண்டபத்துப் படிக்கட்டில் விழுந்து பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டார்கள். அன்வருக்கு லீவு முடிந்தது. பிள்ளையைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் குவைத் திரும்பினார்கள். கால் சரியாகி, நன்றாக நடக்கப் பழகி, டிக்கெட் போட்டு, விமான நிலையத்துக்குப் போனால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் சில வாரம்தான் இருந்தது; ஆறு மாதமாவது பாக்கி இருந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள்.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெரியவர்கள் பாஸ்போர்ட் பத்து வருஷம் செல்லும் என்பது எல்லாருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகளுடையது ஐந்து வருஷம்தான் என்பது வெளிநாட்டிலேயே இருப்பவர்களுக்குக்கூட மறந்துபோகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. குவைத்தில் குடியிருப்பு விசா உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த விசா செத்துவிடும். ஆஃப்ரீன் வந்து நாலு மாதம் தாண்டியிருந்தது. விசா போனால் புதிதாக வாங்க அன்வரின் சம்பளம் போதாது. அப்புறம் அந்தப் பெண் அம்மா அப்பாவோடு எப்போது சேர்ந்து இருக்க முடியும் என்று யாருக்கும் தெரியாது.

நசீர் பாய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆஃப்ரீன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். அம்மாவுக்காகச் சாச்சி, அதாவது நசீர் பாயின் மனைவி, கட்டிக்கொடுத்த காஞ்சிபுரம் இட்லி. கெட்டுப்போய்விடும், சாப்பிடுங்க ஆன்ட்டி என்று ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். மிளகு காரமாக இருந்தது. கண்ணில் வந்த தண்ணீருக்கு மிளகைச் சொல்லிக்கொண்டேன்.

2. சித்தப்பா போட முடியாத கையெழுத்து

பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைக்கு இங்கே பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ செய்ய வழி உண்டு. காப்பாளர் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அம்மாவும் அப்பாவும் சம்மதம் என்று அபிடவிட் எழுதி, அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் நின்று கையெழுத்து போட்டு, முத்திரை வாங்கி, அசலை அனுப்ப வேண்டும். இதைச் சொன்னதும் நசீர் பாய் முகம் மாறியது. அன்வர் வேலை பார்ப்பது நகரத்தில் இல்லை. வெகுதூரத்தில், பாலைவன கேம்ப்பில். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். அன்றைக்குத் தூதரகம் லீவு. கேம்ப்பில் அவசர வேலை ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"அண்ணன் கையெழுத்து எனக்கு நல்லா வரும்கா. சின்ன வயசுல என் ரிப்போர்ட் கார்டுல அவரு கையெழுத்த நானே போட்டுக்குவேன். நானே போட்டுடறேன், நீங்க அப்லோட் பண்ணிடுங்க" என்றார்.

முடியாது என்றேன். அவர் கெஞ்சிப் பார்த்தார், பிறகு கோபித்துக்கொண்டார். குழந்தை முகத்தைப் பார்த்தும் இப்படிச் சொல்கிறீர்களே என்று கேட்டார். குழந்தை முகத்தைப் பார்த்ததால்தான் சொல்கிறேன், பொய்க் கையெழுத்து பிடிபட்டால் ஃபைல் முடங்கும், ஆறு மாதமும் அங்கேயே முடிந்துவிடும் என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஏஜென்ட்டைத் தேடிப் போய்விட்டார். ஆஃப்ரீன் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவர்களே திரும்பி வந்தார்கள். போன இடத்தில் ஒரு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டார்களாம். அதுதான் நசீர் பாயைப் பயமுறுத்திவிட்டது.

"போலி ஜரிகை விக்கிறவன்கூட இவ்ளோ சீக்கிரம் சரின்னு சொல்ல மாட்டான்கா" என்றார். "நீங்க சொன்ன வழியிலயே போலாம்."

அபிடவிட்டை அங்கேயே டைப் செய்து குவைத்துக்கு அனுப்பினேன்.

3. ஷாஹிதா

மறுநாள் ஷாஹிதா வீடியோ காலில் வந்தார். தலையில் போட்ட துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே மெல்லிய குரலில் பேசினார். வீட்டிலேயே தையல் தைக்கிறவர். அரபி தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. கணவர் இல்லாமல் கடைக்குக்கூடப் போனதில்லை என்று நசீர் பாய் முன்பே சொல்லியிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: என் கையெழுத்து மட்டும் போதாதா?

ஒரு பெற்றோர் மட்டும் விண்ணப்பிக்க விதி இருக்கிறது. ஆனால் அதற்கு மற்றவர் ஏன் கையெழுத்திடவில்லை என்று காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். கணவர் விட்டுப் போய்விட்டார், ஒத்துக்கொள்ளவில்லை, இப்படி ஏதாவது.

"அன்வர் பாய் உங்களோடதான இருக்காரு. இல்லன்னு எப்படிம்மா எழுதுவீங்க?" என்றேன்.

இந்தப் பக்கம் ஆஃப்ரீன் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாஹிதா மகளைப் பார்த்தார்.

"அவரால வர முடியலன்னா நான் அவர்கிட்ட போறேன்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னால் ஷாஹிதாவே ஊருக்கு வந்தபோது என் கடையில் உட்கார்ந்து சொன்னார். பக்கத்து ஃபிளாட் அம்மா பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். பஸ் விட்ட இடத்திலிருந்து கேம்ப்புக்குப் போக வண்டி இல்லை. நம்ம பக்கத்துத் தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் விட்டிருக்கிறார். பெண்களை உள்ளே விட மாட்டோம் என்று காவலர்கள் தடுத்துவிட்டார்கள். ஷாஹிதா அங்கேயே, வாசல் கூண்டின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்து உட்கார்ந்தார். போகச் சொல்லியும் போகவில்லை.

கடைசியில் என்ன ஏது என்று பார்க்க எஞ்சினியரே வெளியே வந்தார். எகிப்துக்காரர். ஸ்டோர்கீப்பர் மலையாளி, அவர் மொழிபெயர்த்திருக்கிறார். கட்டுப் போட்ட காலோடு ஆஃப்ரீன் உட்கார்ந்திருக்கும் போட்டோவைக் காட்டிவிட்டு ஷாஹிதா தமிழிலேயே பேசினாராம்.

"லீவு கேக்க வரல சார். என் பொண்ணோட அப்பாவ ஒரு கையெழுத்துக்குக் கூட்டிக்கினு போக வந்திருக்கேன். நாளைக்கு சாயங்காலம் நானே கொண்டாந்து விட்டுடறேன்."

இதைக் கேட்டு எஞ்சினியர் சிரித்துவிட்டாராம். தனக்கும் இரண்டு பெண்கள் என்றாராம். சாமான் ஏற்ற நகரத்துக்குப் போகும் கம்பெனி வண்டியிலேயே இருவரையும் அனுப்பிவைத்தார். உள்ளேயிருந்து வந்த அன்வருக்கு நடப்பது ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு தூரம் எப்படி வந்தாய் என்று வண்டியில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் இருவரும் தூதரகத்தில் நின்று கையெழுத்து போட்டார்கள். சொன்ன நேரம் தவறாமல், ஷாஹிதா கணவரோடு கம்பெனி வண்டி நிற்கும் இடம் வரை போய் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினார்.

அன்றைக்கு நசீர் பாய் கடைக்கு ஓடிவந்து முத்திரை போட்ட காகிதத்தின் போட்டோவைக் காட்டினார். "எங்க அண்ணி தனியா போய்க்கீறாங்கக்கா" என்று கடையில் இருந்த எல்லாரிடமும் சொன்னார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம்கூடச் சொன்னார்.

4. கவுன்டரில்

அசல் அபிடவிட் ஊருக்குத் திரும்பிய ஐயம்பேட்டைக்காரர் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. அப்பாயின்ட்மென்ட் போட்டேன். வழக்கமாக நான் யாரோடும் பாஸ்போர்ட் ஆபீஸ் போக மாட்டேன். எங்களைப் போன்ற ஏஜென்ட்களை உள்ளேயும் விட மாட்டார்கள். இந்த ஒரு தடவை மட்டும் கடையை அடைத்துவிட்டுப் போய் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன்.

உள்ளே நடந்ததை நசீர் பாய் வெளியே வந்து சொன்னார். அதிகாரி ஒரு அம்மா. அன்வருடைய பாஸ்போர்ட் நகலையும் அபிடவிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்திருக்கிறார். இரண்டு கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை. பல வருஷம் வெல்டிங் பிடித்த கை, பழைய மாதிரி எழுத வராது. நசீர் பாய்க்கு வேர்த்துவிட்டது. பிறகு அந்த அம்மா பக்கத்தைத் திருப்பித் தூதரக முத்திரையையும், ஆளை நேரில் பார்த்ததாக எழுதியிருந்ததையும் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்து ஆஃப்ரீனைக் கூப்பிட்டார். யாரோடு இருக்கிறாய், எதற்குப் போகிறாய் என்றெல்லாம் விசாரித்தார். சித்தப்பா வீடு நன்றாக இருக்கிறதா என்றதும் நன்றாக இருக்கிறது என்றாள். அப்புறம் ஏன் குவைத் போகணும், இங்கேயே இருந்துவிடேன் என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார்.

"ரெண்டும் வேணும் மேடம்" என்றாளாம் ஆஃப்ரீன். "இப்ப அம்மா வேணும்."

வேப்பமரத்தடியில் நசீர் பாய் என் முன்னால் வந்து நின்றார். "அக்கா, அன்னிக்கி நானே போட்டிருந்தன்னா..." என்று ஆரம்பித்தார். இந்த முத்திரை இருந்திருக்காது என்று நான் முடித்துவைத்தேன்.

பெற்றோர் இருவர் பாஸ்போர்ட்டும் நடப்பில் இருந்ததால் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கவில்லை. ஸ்டேட்டஸ் 'கிராண்டட்' என்று மாறியபோது நான் சாதாரணமாக இருப்பது போல் இருந்தேன். ஸ்பீடு போஸ்ட்டில் பாஸ்போர்ட் புத்தகம் வந்த அன்று ஆஃப்ரீன் அதை என் கடைக்கே கொண்டுவந்து காட்டினாள். போட்டோவில் கண்ணை அகல விரித்து வைத்திருந்தாள். ஆறு மாதம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தாள். குவைத் விமான நிலையத்தில் ஷாஹிதா எடுத்து அனுப்பிய போட்டோவில் அன்வர் வெல்டிங் உடுப்போடு நிற்கிறார். இந்தத் தடவை கேட்காமலே எஞ்சினியர் அனுப்பிவைத்தாராம்.

5. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

இந்த ஃபைலுக்குப் பிறகு என் கடையில் ஒரு பழக்கம் வந்தது. யார் எந்த வேலைக்கு வந்தாலும், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் அதன் கடைசித் தேதியைக் கேட்டுவிடுவேன். ரேஷன் கார்டுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து முழிப்பார்கள். முழித்தால் முழிக்கட்டும்.

இன்னொன்று. நம்மிடம் வருகிறவர்கள் அவசரத்தில் வருவார்கள். அவசரத்தில் இருப்பவர் குறுக்கு வழி கேட்பது தப்பில்லை. நாம் காட்டுவதுதான் தப்பு. முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. முடிகிற வழி இன்னது என்று எழுதிக் கொடுத்து, அந்த வழியில் அவர்களோடு கடைசிவரை நிற்க வேண்டும். கஷ்டமான பாதி வேலையை அவர்கள்தான் செய்வார்கள். அதற்கு உண்டான தெம்பு அவர்களிடம் இருக்கிறது என்று நாம் நம்ப வேண்டும். ஷாஹிதாவைப் பார்த்துத்தான் நான் இதை நம்பக் கற்றுக்கொண்டேன்.

கேம்ப் வாசலில் பயமாக இல்லையா என்று அவரிடம் கேட்டேன். "பஸ் ஏர்ற வரைக்கும் பயந்துக்கினுதான் இருந்தேன்கா. அப்புறம் எந்த ஸ்டாப்புல எறங்கணும்ன்ற கவலதான்" என்று சிரித்தார்.

போன வாரம் குவைத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். திருப்புட்குழிக்காரர். இரண்டு பிள்ளைகள் மாமியாரோடு ஊரில் இருக்கிறார்கள், பாஸ்போர்ட் முடியப் போகிறது. அபிடவிட் விவரமெல்லாம் சொல்லிவிட்டு, தூதரகத்துக்கு எப்படிப் போவீர்கள், வழி தெரியுமா என்று கேட்டேன்.

"ஷாஹிதாக்கா கூட்டிக்கினு போறேன்னு சொல்லிக்கீறாங்க. எங்க பில்டிங்ல எல்லாரையும் அவங்கதான் கூட்டிக்கினு போவாங்க" என்றார்.

பிள்ளைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று பார்க்க உட்கார்ந்தேன்.