தம்பிக்கு ஒரு குளிர் ஜக்கெட்

லண்டனிலிருந்து மாமா தொலைபேசி எடுத்தால் அம்மா எழுந்து நின்றுதான் பேசுவார். அவர் அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே நாட்டை விட்டுப் போனவர். அந்த முறை அவர் பேசியது முழுக்க ஒரு ஜக்கெட்டைப் பற்றித்தான்.

என் தம்பிக்கு அங்கே படிக்க விசா கிடைத்திருந்தது. வரும்போது நல்ல தடிப்பான குளிர் ஜக்கெட் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றார் மாமா. அது இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். தலையை மூடத் தொப்பி இருக்க வேண்டும். உள்ளே பஞ்சை விட இறகு அடைத்திருந்தால் நல்லது. விமான நிலையக் கதவைத் தாண்டியதுமே குளிர் எலும்பைப் பிடிக்கும், வெறும் சட்டையோடு வந்து இறங்கி என் மானத்தை வாங்க வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றுவிட்டு, ரிசீவரை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது. மட்டக்களப்பில் குளிர் ஜக்கெட்டுக்கு எங்கே போவது? மார்கழி மழையில் வாவிக் காற்று அடித்தால் தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொள்வோம். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான். அத்தனை வருடம் அங்கே இருக்கிற மனிதர் ஒரு ஜக்கெட்டை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வரக்கூடாதா என்று கேட்டேன். “அவன் எவ்வளவு செஞ்சவன், இதையும் கேக்கலாமா புள்ள?” என்று அம்மா என் வாயை அடைத்தார்.

தம்பி விரும்பிப் போகவில்லை. அது வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த தை மாதம். எங்கள் பக்கத்தில் சண்டை முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். முடிந்தது குண்டுச் சத்தம் மட்டும்தான். நாவற்குடாவில் நாங்கள் இருந்த ஒழுங்கையிலேயே, தேங்காய் வாங்கக் கடைக்குப் போன ஒரு பொடியன் திரும்பி வரவில்லை. அவனுடைய சைக்கிள் மட்டும் மதிலோடு சாய்ந்து நின்றது. அன்றிலிருந்து அம்மா தம்பியைப் படலைக்கு வெளியே விடவில்லை. இருபத்திரண்டு வயது ஆம்பிளைப் பிள்ளை, பகலெல்லாம் வீட்டுக்குள் கிடந்தான். வாசலில் ஒரு வாகனம் வேகம் குறைந்தால் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

இரண்டு நாள் மட்டக்களப்பு டவுனில் தேடினேன். மழைக்கோட்டும் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் வாங்கும் கம்பளிச் சட்டையும்தான் இருந்தன. கடைசியில் யாரோ சொல்லி, தம்பியையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். அளவு பார்க்க அவன் வேண்டும். அம்மா வாசல் வரை வந்து, அவன் கையை விடாதே என்று எனக்குச் சொன்னார். நான் அவனை விட ஆறு வயது மூப்பு. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். இருந்தும் பஸ்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெரிய புடவைக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். சவூதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்து சாரமும் சிறுவர் உடுப்பும் விற்றுக்கொண்டிருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பது போல நானா என்று கூப்பிட்டு, குளிருக்குப் போடுற ஜக்கெட் இருக்கா என்று கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. ஆருக்கு, எந்த நாட்டுக்கு என்று மட்டும் விசாரித்துவிட்டு, மேல் தட்டில் இருந்த ஒரு சாக்குப் பொதியை இறக்கி அவிழ்த்தார்.

அதிலிருந்து வந்த மணத்தை நான் அறிவேன்.

நாங்கள் செட்டிபாளையத்துக்காரர். சுனாமியாகக் கடல் வந்த காலையில் அது எங்கள் வீட்டையும் அப்பாவையும் கொண்டுபோனது. அப்பாவின் உடல் வாவிப் பக்கத்துச் சதுப்பில், கண்ணாக்காட்டுக்குள் கிடைத்தது. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்தோம். எங்களிடம் மாற்று உடுப்பு இல்லை. கடல் நனைத்த பாவாடையே உடம்பில் காய்ந்து உப்பாகி, தொடையெல்லாம் புண்ணாகிவிட்டது. அங்கே இருந்த பெண்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டது ஒரு உள்பாவாடை, ஒரு துண்டுத் துணி, மாதவிலக்குக்கு ஏதாவது. அப்போது ஒரு லொறி வந்தது. பெண்களெல்லாம் ஓடினோம். பொதிகளை அவிழ்த்தால் இதே மணம், ஜக்கெட்டுகள். பனியில் போடுகிற, தலையணை போல ஊதிய ஜக்கெட்டுகள். லொறியோடு வந்த ஒருவர் எனக்கும் ஒன்றைத் தந்து, போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார். படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அப்பாவை எரித்து மூன்றாம் நாள். பங்குனி வெயில் போல வெயில். நான் அதை அவருடைய காலடியில் போட்டேன். அம்மா அதை எடுத்துத் தம்பிக்குப் போட்டு நிறுத்தினார். படத்துக்கு நிற்காவிட்டால் அடுத்த லொறியில் எங்களுக்கு எதுவும் தரமாட்டார்கள் என்று பயந்தார்.

அதே ஜக்கெட்டுகள்தான் இப்போது கடை மேசையில் கிடந்தன. ஒன்றின் உள்பக்கத்தில் நிவாரணப் பொருள், விற்பனைக்கு அல்ல என்று ஒட்டியிருந்த துண்டு கூட உரிக்கப்படவில்லை. எங்களுக்கு வந்த சாமானை எங்களுக்கே விற்கிறீர்களா என்று சத்தம் போட்டேன். செத்தவர்களின் பேரில் வந்ததை வைத்து வியாபாரம் செய்ய வெட்கமில்லையா என்றும் கேட்டேன். தம்பி என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்காரருக்கும் முகம் சிவந்தது. பொதியைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். கட்டிக்கொண்டே சொன்னார்:

“தங்கச்சி, நான் லொறி மறிக்கயும் இல்ல, களவெடுக்கயும் இல்ல. எங்கட ஊருக்குள்ளயும் கடல் வந்ததுதான். உங்கட ஆக்களும் எங்கட ஆக்களும் இதக் கொண்டாந்து போட்டுட்டு உடுக்கத் துணி கேட்டாங்க. நான் சாரனும் உள்பாவாடையும் குடுத்தன். இது நாலு வருசமா எலி கடிக்காமக் காத்துக் கிடக்கு. வாங்கிறதெண்டா வாங்குங்க, இல்லாட்டிப் போங்க.”

உள்பாவாடை என்ற சொல் வாயை அடைத்துவிட்டது. ஆனால் கோபம் போகவில்லை. அவர் மேல் வைக்க முடியாமல் போன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மன்னிப்பும் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. முடிச்சைத் திரும்ப அவிழ்த்தார்.

தம்பிக்கு உடனே பிடித்தது கடும் பச்சை நிறத்தில் இருந்த ஒன்று. தோள் அளவாக இருந்தது. மாமா சொன்ன இறகும் தொப்பியும் இருந்தன. கண்ணாடியில் பார்த்துத் தலைமயிரைக் கோதினான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் தன்னைக் கண்ணாடியில் பார்த்தான். நான் கழற்றச் சொன்னேன். ஆர்மிக்காரனின் நிறம். எங்கள் ஊரில் ஒரு இளந்தாரி அந்த நிறத்தில் எதையும் கையில் கொண்டுபோக முடியாது. “அங்க போய்ப் போடுறதுதானே, அக்கா” என்றான். அங்கே போவதற்கு முதல் இங்கிருந்து கொழும்பு வரைக்கும் போக வேண்டும் என்றேன். வேறொன்றுமில்லை, ஒரு நிறம். அதைக் கூடப் பிடித்தபடி எடுக்க அவனுக்கு விதியில்லை. அடுத்தது இடுப்பில் பட்டி வைத்த பெண்கள் ஜக்கெட். மூன்றாவது கறுப்பு, கொஞ்சம் பெரிது. தொப்பி இருந்தது. இடுப்புக்குக் கீழே இறங்கியது.

ஆனால் அது குளிரைத் தாங்குமா என்று எப்படி அறிவது? போட்ட உடனேயே தம்பிக்கு வியர்வை வழிந்தது. வியர்க்கிறதென்றால் நல்ல ஜக்கெட் என்றேன். இந்த வெயிலில் பனியனுக்கே வியர்க்கும் என்றான் அவன். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மச்சான் கடற்கரைப் பக்கத்தில் மீன் வியாபாரம் செய்தார். அங்கே ஐஸ் வைத்து மீன் அடுக்குகிற அறை ஒன்று இருந்தது. ஜக்கெட்டோடு அதற்குள் போய் நில் என்று தம்பிக்குச் சொன்னார்.

பாரமான கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்றேன். அவனை ஒரு கதவுக்குப் பின்னால் யாரும் சாத்தக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும். கொஞ்ச நேரத்தில், திறக்கச் சொல்லிக் கத்தினேன். திறந்தால் அவன் சூரை மீன் பெட்டிகளுக்கு நடுவில் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். “மூக்கு மட்டுந்தான் குளிருது, அக்கா. சரியான சாமான்.” மீன்காரரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதையே வாங்கினோம்.

திரும்பும்போது நாவற்குடாவுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தோம். ஆர்மிக்காரன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஒருவனைக் கூப்பிட்டான். சாதாரண உடுப்பு, தோளில் துவக்கு, எங்கள் பேச்சு. ஆர்மியோடு சேர்ந்து நிற்கும் தமிழ்க் குழுவில் ஒருவன். மீசை கூடச் சரியாக முளைக்காதவன்.

“என்னக்கா இது? இந்த வெயிலுக்க ஆருக்கு?”

தம்பி லண்டனுக்குப் படிக்கப் போகிறான் என்றேன். அவன் தம்பியின் அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜக்கெட்டை எடுத்து, துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றி மாற்றி, போட்டுப் பார்த்தான். சிப்பைக் கழுத்து வரை இழுத்தான். ஆர்மிக்காரர்கள் சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“எனக்கு எப்பிடி?” என்று தம்பியிடம் கேட்டான்.

“நல்லா இருக்கு, அண்ணன்” என்றான் தம்பி.

அண்ணன். என் மாணவர்களின் வயது இருக்கும் அவனுக்கு. கடலில் அப்பாவைக் கொடுத்தோம், வீட்டைக் கொடுத்தோம், இதையும் பிடுங்கு என்று அவன் முகத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். தம்பி என் கையை நசுக்கினான். நகம் பதிந்து தோல் கிழியும் அளவுக்கு நசுக்கினான். வாயை மூடினேன்.

அவன் அடையாள அட்டையை எடுத்து, படத்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அதைத் தம்பியின் கையில் வைத்தான். “அப்ப இத நான் வச்சுக்கிறன். நீ போ, மனே” என்றான், தன் மகனை அனுப்புவது போல.

நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். தம்பி உயிரோடு பக்கத்தில் இருக்கிறான் என்று சந்தோசப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, ஜக்கெட் போனால் போகட்டும் என்று சாமித் தட்டில் விளக்கை ஏற்றினார். அந்தக் கிழமையே தம்பி இரண்டு சட்டையும் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு விமானம் ஏறினான்.

போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி எடுத்தான். மாமா விமான நிலையத்துக்கே தன்னுடைய பழைய ஜக்கெட் ஒன்றைக் கொண்டு வந்தாராம். மாமாவின் வீட்டு அலுமாரியில் இன்னும் நாலைந்து தொங்குகிறதாம். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். மாமாவிடம் கொடு என்றேன்.

அன்றைக்கு நான் பேசியதை அம்மா வெகுநாள் மன்னிக்கவில்லை. அந்தச் சாவடியில் பேசாமல் விழுங்கிய எல்லாவற்றையும் மாமாவின் காதில் கொட்டினேன். உங்களுடைய மானத்துக்காக என் தம்பியைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன், அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது கடவுள் புண்ணியம் என்றேன்.

“நான் உடுத்த பழச அக்காட மகனுக்கு எப்பிடிக் குடுக்கிற எண்டுதான்...” என்று மாமா தடுமாறினார்.

“முகாமில நாங்க உடுத்ததெல்லாம் ஊரார்ர பழசுதான், மாமா” என்று சொல்லி ரிசீவரை வைத்தேன்.

வைகாசியில் ஆர்மி வென்று சண்டை முடிந்ததென்று அறிவித்தார்கள். எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது. கடைகளில் கொடி கட்டச் சொல்லிக் கட்ட வைத்தார்கள். அன்று தம்பி எடுத்தான். தொண்டை கட்டியிருந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லி அங்கே வீதியில் நின்று நாள்கணக்காகக் கத்தினார்களாம். எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது. அங்கே நின்று கத்துவது சுகம், படிக்கப் போனவன் படி என்றேன்.

“அக்கா, நீ அண்டைக்கு வாயத் திறந்தாய். நான்தான் நசுக்கி மூட வச்சன். இஞ்ச கத்தினா ஒருத்தனும் அட்டையைப் பறிக்க மாட்டான். அதுதான் கத்துறன்.”

அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய சத்தம் இங்கே யாருக்குக் கேட்டது? வெளியே இன்னொரு சரம் பட்டாசு வெடித்தது. அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை. என்ன சத்தம் அது என்று தம்பி கேட்டான். ரிசீவரைக் கம்பி நீளும் வரை ஜன்னல் பக்கம் இழுத்துப் பிடித்தேன், அவன் கேட்கட்டும் என்று.