அத்தைக்கு ஒரு குறையும் இல்லை

அப்பாவின் தங்கையை ஸ்ரீபெரும்புதூரில் நெல் மிஷின் வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றும் வீடு. பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கெல்லாம் பனையோலை விசிறிதான். அதனால் அத்தையைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் குரலில் பெருமையும் பெருமூச்சும் சரிபாதியாக இருக்கும்.

அந்த அத்தை ஒரு வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், கையில் பைகூட இல்லாமல் வந்து நின்றாள். இனி அங்கே போகமாட்டேன் என்றாள்.

அப்பா விசாரணையைத் தொடங்கினார். "மாப்ள அடிச்சாரா?"

"இல்லண்ணா."

"குடிக்கிறாரா? வேற எங்கனா தொடுப்பு கீதா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப இன்னாதாம்மா கொற?"

"ஒரு கொறயும் இல்ல," என்றாள் அத்தை.

குறை என்று ஏதாவது சொல்லியிருந்தால் நாலு பேரை வைத்துப் பேசித் தீர்த்திருப்பார். மறுநாள் வெள்ளி. வீட்டுப் பெண்ணை வெள்ளிக்கிழமை அனுப்பினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பார்கள். அதனால் சனிக்கிழமை காலையில் அப்பாவே கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. அத்தை கிழமை பார்த்துத்தான் வந்திருந்தாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். "அத்த பின்னாடியே இரு. கெணத்தாண்ட தனியா வுட்றாத." அன்றிரவு அத்தை புரண்டு படுத்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

வெள்ளியன்று வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கவேண்டும் என்றாள். சாமி புத்தி கொடுக்கட்டும் என்று அம்மா எங்களைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டாள். கோயில் குளத்தில் அத்தை கால் கழுவ இறங்கினாள். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இன்னொரு படி இறங்கினாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"இன்னாடி ஆச்சு?"

"மாமா நல்லவருதான? அவருகிட்டயே போயிடு அத்த."

"நல்லவருதான்டி." என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "கேட்டதெல்லாம் வாங்கித் தருவாரு. நான் பேச ஆரம்பிச்சா மட்டும் ரேடியோவ சத்தமா வெப்பாரு. இதப் போயி உங்கப்பாகிட்ட கொறன்னு சொல்ல முடியுமா?"

எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. சத்தமாக வைத்தால் நல்லதுதானே என்றுதான் எனக்குத் தோன்றியது.

தரிசனம் முடிந்ததும் என்னை வண்டியில் தூக்கி உட்காரவைத்தாள். "இவள வூட்ல வுட்டுடுக்கா. நான் பஸ்ல போய்க்கிறேன்," என்றாள். புருஷன் வீட்டுக்குத்தான் போகிறாள் என்று பெரியம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினாள்.

வண்டி ஊர்ப்பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்திருக்கும். எங்களுக்கு எதிரே, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து கடந்து போனது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பஸ் கோயிலருகே நின்றதையும் அத்தை ஏறியதையும் பார்த்தேன். குளத்தை விட்டு எங்கோ போகிறாளே, அதுவே போதும் என்றிருந்தது.

"பஸ் ஏறிட்டாளா? நீ பாத்தியா?" என்று அம்மா கேட்டாள்.

"பாத்தேன்மா."

"நாம அனுப்பல. அவளாதான் போயிக்கிறா. லட்சுமி கோச்சிக்க மாட்டா," என்று அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். அப்பா வெகுநேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தார்.

பஸ் எந்தப் பக்கம் போனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கல்யாணமான பெண்ணுக்குப் போவதற்கு இன்னொரு பக்கமும் இருக்கும் என்று அப்போது எனக்கும் தெரியாது.