வெற்றுத் தட்டில் ரோஸ் இழை

உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. உள்ளே ஈரமான வடிதாள் மட்டும். அரியலூரில் நான் முதலில் வேலை பார்த்த ஆய்வகத்தில், பாக்கெட் பாலை வடிகட்டும்போதெல்லாம் அதைப் பக்கத்தில் திறந்து வைப்போம். காற்றில் வருவது அதில் விழும். பாலில் எண்ணிய பிளாஸ்டிக் இழைகளிலிருந்து இதில் விழுந்தவற்றைக் கழித்தால்தான் பாலுக்கு உரியது எவ்வளவு என்று சொல்ல முடியும். ஒரு மழைக்காலத்தில் பாலைவிட வெற்றுத் தட்டில் இழைகள் அதிகமாயின. எல்லாமே ரோஸ் நிறம்.

பட்டியல் போட்டேன். தண்ணீர், இடுக்கி, கையுறை, ஏசி, ஜன்னல் திரை, வெள்ளைக் கோட்டு. ஒவ்வொன்றாகச் சோதித்து, காரணம் இல்லை என்றால் கோடு போட்டு அடித்தேன். மிஞ்சியது, கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவின் ரோஸ் நிறப் பாலியஸ்டர் சேலை. உடையார்பாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, நான் வருவதற்குள் எல்லாவற்றையும் மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைத்திருப்பார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பட்டியலின் நகலை அதிகாரியிடம் கொடுத்தேன். சேலையை மாற்றச் சொல்வார் என்று நினைத்தேன், ஆளையே நிறுத்திவிட்டார். போவதற்கு முன் அக்கா என் மேசைக்கு வந்து அந்தத் தாளை நிதானமாகப் படித்தார்.

"எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க மேடம். உங்களத்தான் காணும்."

அவர் போன பிறகும் ரோஸ் இழைகள் விழுந்தன. பழைய தூசி என்று அறையை இரண்டு முறை துடைக்கச் சொன்னேன். இடையில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தேன். திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினால், அந்த வாரத் தட்டுகள் அத்தனையும் சுத்தம். நான் வந்த அன்று மூன்று இழைகள். என்னிடம் ரோஸ் நிறத்தில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

இழை அக்காவுடையதல்ல என்று அதிகாரியிடம் சொன்னேன். வேறு ஆள் போட்டாயிற்றே என்றார். ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையம் போனேன். அக்கா முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கண்ணாடி கழுவிய விரல்கள் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அப்ப ஒங்ககிட்டேருந்துதான் வருது. எங்கேருந்துன்னு தெரிஞ்சுதா?"

"தெரியலக்கா."

"தேடுங்க மேடம்."

இப்போது பெரம்பலூரில் வேறு ஆய்வகம். பருத்தி தவிர எதுவும் உடுத்துவதில்லை. பை, செருப்பு, போர்வை, சீப்பு என எல்லாம் மாற்றிவிட்டேன். பட்டியலின் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. இன்னும் அடிக்க முடியவில்லை. இன்று காலை ஆளில்லாத அறையில் புதுத் தட்டைத் திறந்து வைத்தேன். பக்கத்தில் பாலில்லை, எதுவுமில்லை, நான் மட்டும்தான் நின்றேன். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தேன்.

ஒன்று இருந்தது. ரோஸ்.