அம்மா தூங்கிய கச்சேரி

மும்பைக்குச் சுற்றுலா வந்த இடத்தில், கோடை இசைவிழா ஒன்றுக்குத் தோழிகள் என்னை இழுத்துப்போனார்கள். மைக் கீச்சென்று கத்தியதும் எழுபதுகளின் ஒரு மே மாதம் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்புக்கூடை சுமந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் அஞ்சலை அத்தையோடு என்னையும் கூட்டிக்கொண்டு, மெட்ராசில் நடந்த கோடை இசைவிழாவுக்கு பஸ் ஏறினாள். பந்தலில் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைத்தது. பாடகி பாட ஆரம்பித்ததும் அம்மா என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கம் தாங்காமல் அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் அசையவேயில்லை. அத்தைதான் என் கையைத் தட்டிவிட்டாள்.

"தூங்கட்டும் விடுடி. அளத்துல அவளுக்கு நிழல் ஏது?"

கைதட்டல் சத்தத்தில் விழித்து அம்மாவும் தட்டினாள். திரும்பும் பஸ்ஸில் எரிச்சலோடு கேட்டேன்.

"என்னத்தம்மா கேட்ட நீ?"

"நல்லா இருந்துச்சுடி. ஒருத்தரும் என்னை எழுப்பல."

கிள்ளியதை நான் சொல்லவில்லை.

இங்கே மும்பையில் தோழிகள் மேடைப் பக்கம் போக எழுந்தார்கள். "நீங்க போங்கடி, எனக்கு முடியல" என்று உட்கார்ந்துவிட்டேன். அறுபதைத் தாண்டியவள் நான். அன்றைக்கு அம்மாவுக்கு முப்பதுகூட ஆகியிருக்கவில்லை.