தள்ளிப்போட்ட பயிற்சி

பழனிமுத்து அண்ணன் திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். மண்ணரையில் எங்கள் காம்பவுண்டில் அடுத்த வீடு அவருடையது. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பாதியைத்தான் பேசுகிறார்கள். மீதியையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சாரணர் இயக்கம் என்றால் பள்ளிக்கூடத்தில் சார்கள் நடத்துவதுதான் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் பள்ளிக்கு வெளியேயும் சில குழுக்கள் இருக்கின்றன. கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வருவார்கள். அவர்களை நடத்துகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். யாருக்கும் சம்பளம் கிடையாது. பிளஸ் டூ முடித்த பிறகு நானும் அவர்களில் ஒருத்தியானேன். எங்கள் எல்லோரையும் மாதம் ஒரு முறை ஒன்றாக உட்கார வைத்துப் பேசி, ஏதாவது ஒரு பயிற்சியும் கொடுத்து அனுப்புவது பழனிமுத்து அண்ணனின் பொறுப்பு.

கேட்க லேசாக இருக்கும். திருப்பூரில் எல்லோரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ப்பது லேசில்லை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் வேலை நாள்தான். ஒருவருக்கு நைட் ஷிப்ட், ஒருவருக்கு ஊரில் காதுகுத்து. அண்ணன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். கடைசியில் பேக்கரி முன்னால் நின்று தேதியை முடிவு செய்வோம்.

“ஏனுங்க கந்தப்பா, ரெண்டாவது ஞாயித்துக்கெழம உங்களுக்குத் தோதுப்படுமா?”

கந்தப்பன் அண்ணன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். “எனக்கென்னுங்க தலைவரே, வண்டி ஓடுச்சுன்னா நான் வரமுடியாது. ஓடலீன்னா வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு உடோணும். அப்பவும் வரமுடியாது.”

“அப்ப எப்பத்தான் வருவீங்க?”

“ஒரு முட்ட பப்ஸ் வாங்கிக் குடுங்க. இப்பவே வந்துட்டன்னு எழுதிக்கலாம்.”

அனிதா அக்கா சிரித்தார். அவர் நர்சரி பள்ளியில் டீச்சர், சாரணியர் குழுவை நடத்துகிறவர். “இவருக்கு மொதல்ல வாயக் கட்டறதுக்கு ஒரு முடிச்சு சொல்லிக் குடுங்கண்ணா. மத்த முடிச்செல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

பப்ஸ் வரும். கூட்டம் நடக்கும். கந்தப்பன் அண்ணன் ஒரு மாதம்கூட வராமல் இருந்ததில்லை. ஒரு மாதம் முதலுதவி, ஒரு மாதம் இரண்டு சட்டையும் இரண்டு கம்பும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்வது, ஒரு மாதம் பேசாமலே ஒதுங்கி நிற்கிற பிள்ளையிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது. பயிற்சிக்கு ஆள் பிடிப்பதும் அண்ணன்தான், பாய் விரிப்பதும் அண்ணன்தான். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் குரலே அவ்வளவு எழும்பாது.

அவர் இதற்குள் வந்தது தன் மகனால்.

சில வருடங்களுக்கு முன் ரித்தீஷ் ஆறாம் வகுப்பு படித்தான், எங்கள் குழுவில் இருந்தான். ஒரு லீவு நாளில் பையன்களோடு காம்பவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாறைக்குழிக்குக் குளிக்கப் போனான். கல் உடைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழிகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. மழைக்காலத்தில் நிரம்பிவிடும். கால் வழுக்கி ரித்தீஷ் ஆழத்துக்குப் போய்விட்டான். கூடப் போன பையன் ஒருவன் காம்பவுண்டுக்கு ஓடி வந்து கத்தினான். முதலில் ஓடிப் போனது ரித்தீஷின் அம்மா மருதாள் அக்கா. அக்கா போனபோது அவன் கையும் தலையும் மேலே வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். யாருக்கும் நீச்சல் தெரியாது. இறங்கப் போன அக்காவை இரண்டு பெண்கள் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அண்ணன் கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தபோது தண்ணீர் அசையாமல் கிடந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அக்காவிடம் ஒன்றையே சொன்னார்கள். “உன்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது சாமி. யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.” பல நாள் படுத்தே கிடந்த அக்கா அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டும் வேலையை வீட்டிலேயே வாங்கிச் செய்ய ஆரம்பித்தார்.

குழு கொடுத்திருந்த சீருடையைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் மைதானத்துக்குப் போனார். அப்போது குழுவை நடத்திய சார் மாற்றலாகிப் போயிருந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டு யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சீருடையைக் கொடுக்கவும் ஆளில்லாமல், பிள்ளைகளை விட்டு வரவும் மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அடிப்படைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து முறையாகவே அந்தக் குழுவின் தலைவரானார்; மாதக் கூட்டமும் அவர் பொறுப்புக்கு வந்தது.

இவ்வளவும் ஊரில் பேசுவதுதான். இனி எழுதுவது பேசாதது.

வருடத் தொடக்கத்தில் எந்த மாதம் என்ன பயிற்சி என்று சேர்ந்து முடிவு செய்வோம். தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்றும் பயிற்சி வேண்டும் என்று அனிதா அக்கா ஒவ்வொரு வருடமும் சொல்வார். அண்ணனும் சரி என்பார். அந்த மாதம் வரும்போது அது மட்டும் நடக்காது. பயிற்சி கொடுப்பவருக்கு வேலை வந்துவிட்டது என்பார். மழை என்பார். அதற்குப் பதிலாக முடிச்சோ முதலுதவியோ வந்துவிடும். காரணம் தெரிந்த மாதிரி எல்லோரும் பேசாமல் இருந்துவிடுவோம்.

இந்த வருடம் மார்ச் மாதக் கூட்டத்தில் அனிதா அக்கா பேசாமல் இருக்கவில்லை.

“எங்குழுப் புள்ள ஒருத்தி அவ தம்பிய தேடிக்கிட்டு குழிக்குப் போயிருக்கறா. அங்க ஒரு கூட்டமே குளிக்குதாமா. பரீட்ச முடிஞ்சு லீவு உட்டா இன்னும் போவானுங்க. இந்தத் தடவ தள்ளிப் போடாதீங்கண்ணா.”

அண்ணன் கையிலிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போடலாங்க டீச்சர்.”

“போடலாம்னா?”

“போட்டரலாம்.”

அடுத்த நாள் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி கொடுக்க ஆள் கேட்டு வர அண்ணனும் நானும் என் ஸ்கூட்டியில் போனோம். பாதி வழியில் பின்னால் இருந்து அவர் சொன்னார்: “மருதாகிட்ட இதப்பத்திப் பேசீராத கண்ணு.”

“ஏனுங்கண்ணா?”

“அவதானே அன்னிக்கு மொதல்ல போனா. ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு எல்லாருஞ் சொன்னாங்க. அத நம்பித்தான் அவ எந்திரிச்சு ஒக்காந்தா. அது அப்படி இல்லீன்னு ஆயிப்போச்சுன்னா, நான் என்னத்தச் சொல்லி அவள எழுப்பறது?”

வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

நிலையத்தில் ஒருவர் வரச் சம்மதித்தார். அண்ணன் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நீச்சலே தெரியாத ஆளுக்கு இதுல ஏதாச்சும் இருக்குதுங்களா சார்?”

“அவங்களுக்குத்தாங்க இதே” என்றார் அவர். “நீச்சல் தெரிஞ்சவனையே நான் எறங்க உடமாட்டேன்.”

கந்தப்பன் அண்ணனின் முதலாளி லிங்கசாமி ஐயாவின் தோட்டத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நெஞ்சளவுதான் ஆழம். ஏப்ரல் மாதக் கூட்டத்தை அங்கே வைத்தோம். மூழ்குகிற ஆளாகக் கந்தப்பன் அண்ணன் தானே முன்வந்து இறங்கினார்.

“ஐயோ, என் பைக் கடன முடிக்காம போறனே!” என்று கையை ஆட்டினார்.

“நெஞ்சுத் தண்ணில இந்தக் கூத்தா?” என்றார் அனிதா அக்கா. “உட்டுருங்க சார், இவரு முங்கட்டும்.”

தீயணைப்புக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. கரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். காலை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் கிடைத்ததை வீச வேண்டும். மூடி போட்ட காலித் தண்ணீர் கேன் இருந்தால் அதில் கயிற்றைக் கட்டி வீசலாம். கயிறு இல்லாவிட்டால் துணி போதும். ஒவ்வொருவராகச் செய்து பார்த்தோம். கடைசியாக அண்ணனின் முறை. அவர் படுத்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். முதல் வீச்சு தள்ளிப் போய் விழுந்தது. இரண்டாவதைக் கந்தப்பன் அண்ணன் பிடித்துக்கொண்டார். அண்ணன் இழுத்தார். கந்தப்பன் அண்ணன் கரைக்கு வந்துவிட்டார்.

எல்லோரும் கை தட்டினோம். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

“அவ்வளவுதானுங்களா சார்?” என்று படுத்தபடியே கேட்டார்.

“அவ்வளவுதாங்க. பக்கத்துல பொம்பளைங்க யாராச்சும் இருந்தா ஒரு சேல போதும். நல்ல நீளம் பாருங்க அது.”

தீயணைப்புக்காரருக்கு ரித்தீஷைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்த நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கந்தப்பன் அண்ணன் நனைந்த சட்டையோடு வந்து, “எந்திரிங்க, வெய்யில் ஏறுது” என்று பழனிமுத்து அண்ணன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

இனி மறைக்க முடியாது, வீட்டுக்குப் போய் மருதாள் அக்காவிடம் தானே சொல்லிவிடப் போவதாக அன்று வரும் வழியில் அண்ணன் என்னிடம் சொன்னார். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தமும், கம்பெனி விஷயம் எதையோ அவர் சொல்லும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு நாங்கள் அவரவர் குழுவுக்கு அந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தோம். அதற்குத்தானே அதைக் கற்றுக்கொண்டோம். ஆனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

சாயங்காலம் காம்பவுண்டுப் பையன்கள் கொடியில் காய்ந்த ஒரு சேலையை உருவிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் மண்ணில் கிடந்து நீந்துகிற மாதிரி கையை அடித்தான். தரணி என்கிற பையன் குப்புறப் படுத்துச் சேலையை வீசினான். வாசலில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த மருதாள் அக்கா கத்தரியைக் கீழே வைத்தார்.

“எஞ்சேலைய வெச்சுக்கிட்டு என்ன கண்ணு பண்றீங்க?”

“காப்பாத்தறோங்க அக்கா! தண்ணிக்குள்ள எறங்கவே கூடாதுங்க. இப்படிப் படுத்துக்கிட்டு வீசோணும். அவன் புடிச்சுக்குவான். இழுத்தரலாம். பழனிமுத்து சார்தான் சொல்லிக் குடுத்தாரு.”

“இன்னொருக்கா பண்ணு, பாக்கறேன்.”

தரணி பெருமையாக இன்னொரு முறை செய்து காட்டினான். கீழே கிடந்தவன் சேலையைப் பிடித்துக்கொண்டு புரண்டு புரண்டு வந்தான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அரையும் குறையுமாகக் கிடந்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் காலையில் எங்கள் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெருமாநல்லூர்க் குழுவையும் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

“இதத் தெரிஞ்சுக்கிட்டே ஒரு வாரமா எம்பக்கத்துல ஒக்காந்து சோறு தின்னீங்களா?”

அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

“அவன் அத்தன தூரத்துல கூட இல்லீங்க. கைய நீட்டி நீட்டிப் பாத்தேன். கைதான் எட்டல. கட்டியிருந்த சேல எனக்கு நெனப்பே வரல.”

அதற்குப் பிறகு அழுகைதான். அது ஒருவருடைய அழுகை இல்லை.

மே மாதக் கூட்டத்துக்குத் தேதி பேச அண்ணன் பேக்கரிக்கு வந்தபோது தாடியோடு இருந்தார். கந்தப்பன் அண்ணன்கூட எதுவும் கிண்டல் செய்யவில்லை. வேறு யாராவது கொஞ்ச நாள் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அனிதா அக்கா மெதுவாகச் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“மருதா இன்னும் எங்கிட்டப் பேசறதில்லீங்க டீச்சர். நேத்து ஒண்ணே ஒண்ணு சொன்னா. ‘பசங்களுக்கும் உங்களுக்கும் சொல்லிக் குடுத்து என்ன ஆகப் போகுது? கரைக்கு மொதல்ல ஓடறது பெத்தவ. அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?’ன்னு கேட்டா. அவ சொல்றது சரிதானுங்களே. இந்த மாசம் அம்மாக்களையும் வரச் சொல்லீரலாம்.”

அப்படியே செய்தோம். மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஒரு பழைய சேலையோ துப்பட்டாவோ கொண்டு வரட்டும் என்று வாட்ஸப்பில் போட்டேன். காம்பவுண்டு காம்பவுண்டாகப் போயும் சொன்னோம். பீகார்க் குடும்பங்களுக்கு அவர்கள் பிள்ளைகளே ஹிந்தியில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு சாயங்காலம் நான் கிளம்பியபோது மருதாள் அக்கா வாசலில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் முன்னாலேயே போயிருந்தார்.

“நீங்க வரலீங்களாக்கா?”

“நான் எதுக்குக் கண்ணு? எனக்குத்தான் தெரிஞ்சு போச்சே.” கத்தரி நிற்கவில்லை. “நெறையப் பேரு வாராங்களா?”

“வருவாங்க போலருக்குங்க்கா.”

“அவரு பேசறது பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்காது. அத மட்டும் பாத்துக்கோ.”

மைதானத்தில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் இருந்தது. கைக்குழந்தையோடு சிலர், வேலை முடிந்து நேராக வந்தவர்கள் சிலர். கந்தப்பன் அண்ணன் மண்ணில் படுத்துக்கொண்டார், இந்த முறை பேசாமல். அண்ணன் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு ஆரம்பித்தார். “கரையில நிக்கறவங்க மொதல்ல பண்ண வேண்டியது என்னன்னா…”

பின்வரிசைப் பெண்கள் கையை ஆட்டினார்கள். “கேக்கலீங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.